மறியல் என்ற சொல்லை மாற்ற வேண்டாம்

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. கண்ணில் புரை அகற்றியிருந்தபடியால் வாசிக்க முடியாதிருந்தேன். கட்டு அவிழ்த்ததும் முதலில் எடுத்தது அதைத்தான். ஐயாவின் நாட்குறிப்பை அச்சுக்காக நீர் படியெடுத்து வருவது எனக்குப் பெரிய நிறைவு. அதில் 'மறியலில் இருந்தவர்கள்' என்று வரும் இடங்களை, சென்னை வாசகருக்கு விளங்கும்படி 'கைதிகள்' என்று மாற்றலாமா எனக் கேட்டிருந்தீர். தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

அங்கே மறியல் என்றால் வீதியை மறித்துப் போராடுவது என்றே உம்முடைய பேரப்பிள்ளைகள் எண்ணுவார்கள் என்பதை நான் அறிவேன். நம்மூரில் அது சிறை. இரண்டும் 'மறி' என்ற ஒரே வினையடியிலிருந்து வந்தவைதாம். 'மறியற்சாலை', 'மறியற்காரன்' என்று நம் பெரியவர்கள் பேசியது உமக்கும் நினைவிருக்கும். நீதிமன்றத் தமிழில் அச்சொல் 'விளக்கமறியல்' என்று இன்றும் வழங்குகிறது. நம்மவர்கள் வழக்கு விசாரணையை 'விளக்கம்' என்றே சொல்லி வந்தார்கள் அல்லவா? விளக்கம் முடியும்வரை மறித்து வைத்தல் என்ற பொருளை இவ்வளவு சுருக்கமாகவும், மறிக்கப்பட்டவர் மீது குற்றத்தின் சாயல் படாமலும் சொல்லும் வேறொரு சொல்லை நான் கண்டதில்லை.

'கைதி'யோ அரபு மொழியில் தளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. கைவிலங்கின் நினைவால் அதைக் 'கை'யோடு பொருத்திப் பார்ப்பவர்கள் பலர், அது பொருந்தாது. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. தண்டனை பெற்றவரையும், விளக்கமறியலில் உள்ளவரையும், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கட்டளையால் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவரையும் நாளிதழ்கள் ஒரே சொல்லால் அழைக்கும்போது, சட்டமே பிரித்து வைத்த வேறுபாடு வாசகரின் மனத்தில் அழிந்துபோகிறது என்பதே என் கவலை. அந்தத் தடுப்புக்காவல் 18 மாதம் வரை நீளலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம்தான் அதை 12 மாதமாகக் குறைத்தது. அத்தனை மாதங்களும் குற்றம் சாட்டப்படாமலே ஒருவர் உள்ளே இருக்கலாம்.

1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழர் கொல்லப்பட்டதை ஐயா எழுதிய பக்கத்தை நீர் அனுப்பியிருந்தீர். 'மறியலில் இருந்த பிள்ளைகள்' என்கிறார் அவர். அவர்களுள் தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள், விசாரணையை எதிர்பார்த்திருந்தவர்களும் இருந்தார்கள். அவருடைய சொல் இருசாராரையும் அணைத்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வரி ஒரு செய்திக் குறிப்பாகிவிடும்.

ஆனால் 'அரசியல் கைதி' என்று அவர் எழுதியிருக்கும் இடங்களைத் தொடாதீர். நாட்டில் அப்படி எவரும் இல்லை என்று ஆட்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நிலையில், அச்சொல்லே ஒரு வழக்குரையாகிவிட்டது. போர்க்கைதி என்பதும் அப்படியே தனித்து நிற்கும் சொல். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கைப்படி அவர் தண்டனைக்காக வைக்கப்பட்டவர் அல்லர், சண்டை ஓய்ந்ததும் விடுவிக்கப்பட வேண்டியவர்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருந்தார். மகனைப் பார்க்கப் பல ஆண்டுகள் தெற்கே போய் வந்தவர். ஒருநாளும் அவர் வாயில் கைதி என்ற சொல் வந்ததில்லை. "பிள்ளை உள்ளுக்கு இருக்கிறான்" என்பார். மிஞ்சினால், "மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்பார்.

மறியல் முதன்முதலாக வரும் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிடும், போதும். 1983ஆம் ஆண்டுப் பக்கங்களின் படிகளை முழுமையாக அனுப்பி வையும். ஐயாவின் கையெழுத்து எனக்குப் பழக்கமானது. கண்ணும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

உமது அன்பு நண்பன்