முடி கொட்டாத நாய்க்கு ‘டீ-ஷெட்டிங்’ கட்டணம்: புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: யார்க்‌ஷயர் டெரியருக்குத் தேவையில்லாத வேலைக்குக் கட்டணம் வாங்கியது, கேட்காமல் முடியை வழித்தது, எழுதிக் கொடுத்தும் கழுத்தில் கயிறு மாட்டியது குறித்து.

ஐயா / அம்மா,

கடந்த சனிக்கிழமை எங்கள் மிட்டுவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கண்ணை மறைக்கும் முடியை மட்டும் லேசாக டிரிம் செய்யச் சொல்லி உங்கள் கிளையில் விட்டோம். 4 வயது, எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. மாலையில் போய்ப் பார்த்தால் உடம்பு முழுக்க மொட்டை. பில் 2,450 ரூபாய். அதில் ‘டீ-ஷெட்டிங்’ என்று 700 ரூபாய்.

லாப்ரடார், ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு ரோமம் உள்ள நாய்களுக்குச் செய்வதுதான் டீ-ஷெட்டிங். உள்ளடுக்கில் உதிர்ந்து தங்கியிருக்கும் முடியை வாரி எடுக்கிற வேலை அது. யார்க்கிக்கு, அதாவது யார்க்‌ஷயர் டெரியருக்கு, அந்த உள்ளடுக்கே கிடையாது. இருப்பது ஒற்றை அடுக்கு. வெட்டாமல் விட்டால் தரையைத் தொடும்வரை வளரும். இல்லாத உள்ளடுக்கில் எதை வாரினீர்கள்? அம்மாவுக்கு வீசிங் இருப்பதால்தான் முடி அதிகம் கொட்டாத இந்த இனத்தைத் தேடி வாங்கினோம். (எச்சிலிலும் தோல் செதிலிலும் அலர்ஜி வரும், அது இல்லாத நாயே கிடையாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது வேறு விஷயம்.)

“ஒரே சிக்கு சார், வழிக்கிறதைத் தவிர வேற வழியில்ல” என்றார் உங்கள் குரூமர். சனிக்கிழமை காலையிலும் வழக்கம்போல ஸ்டீல் சீப்பால், காதுக்குப் பின்னாலும் ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) உரசும் அக்குள் பகுதியிலும், தோல் வரைக்கும் வாரித்தான் கொண்டு வந்தேன். கவுன்டரில் உங்கள் ஊழியரே எடுத்த போட்டோ உங்கள் ஆப்பில் இருக்கிறது, பாருங்கள். இந்த இனத்தில் உதிர்கிற கொஞ்ச முடியும் தரையில் விழாமல் பக்கத்து முடியிலேயே மாட்டிக்கொள்ளும். அதை வாராமல் நனைத்துத் தேய்த்தால் இறுகிக் கட்டியாகிவிடும். அதனால்தான் முதலில் சீப்பு, பிறகு தண்ணீர். உங்கள் ஆள் வந்ததும் நேராகத் தொட்டியில் இறக்கி, ஷாம்பூவை இரண்டு கையாலும் வட்டமாகத் தேய்த்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். சிக்கு உங்கள் தொட்டியில் வந்தது. சரி, வந்துவிட்டது, வழிப்பதற்கு முன் ஒரு போன் செய்திருக்கலாமே? நம்பர் படிவத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும், முடி வளர்ந்துவிடும். கழுத்து விஷயத்தை விட மாட்டேன். “மூச்சுக்குழாய் பலவீனம், கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது, ஹார்னஸ் மட்டும்” என்று படிவத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். சின்ன நாய்களில், குறிப்பாக யார்க்கிகளில், மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகிவிடுவது உண்டு. நாய்களையே தொழிலாகப் பார்க்கிறவர்கள் நீங்கள், இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கிளையே வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், மேஜைக் கம்பியில் கட்டிய கயிறு மிட்டுவின் கழுத்தில்தான் இருக்கிறது. அன்று இரவு வாத்து கத்துவது போன்ற இருமல் தொடங்கி விடியும்வரை நிற்கவில்லை. மறுநாள் எக்ஸ்ரே, ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். கிளைக்குப் போன் செய்தால், “சின்ன நாய்னா கொஞ்சம் இருமத்தான் சார் செய்யும்” என்று பதில்.

பில் தொகை 2,450 ரூபாயையும் மருத்துவச் செலவு 3,200 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். சின்ன இன நாய்களுக்குக் கழுத்துக் கயிற்றுக்குப் பதில் என்ன பயன்படுத்தப் போகிறீர்கள், உரிமையாளரைக் கேட்காமல் வழிக்க மாட்டீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். போனில் சமாதானம் வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நேற்று நீங்கள் அனுப்பிய 20 சதவீதத் தள்ளுபடி கூப்பனை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மிட்டுவின் வீட்டுக்காரர்

இணைப்பு: பில் நகல், படிவ நகல், வாட்ஸ்அப் படம், எக்ஸ்ரே அறிக்கை, மருத்துவமனை ரசீது.