செல்வியின் ஆய்வுச் சுருக்கம்

பாளையங்கோட்டை

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடி ஆற்றுக்குக் குளிக்கப் போவதில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேரன் நடக்கப் பழகிவிட்டான், வீட்டில் ஒரு சாமானும் இருந்த இடத்தில் இல்லை.

செல்வி அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தையும் ஆய்வேட்டையும் படித்தேன். பத்தமடைப் பாயைப் பற்றி அருமையான வேலை செய்திருக்கிறாள். ஆனால் சுருக்கத்தில் அது தெரியவில்லை. முதல் பாதி முழுக்கத் தாமிரபரணிக் கோரையின் பெருமையும் புவிசார் குறியீடு கிடைத்த கதையும்தான். மீதியில் 'முதல் இயல் இதை ஆராய்கிறது, இரண்டாம் இயல் அதை விளக்குகிறது' என்று போகிறது. பொருளடக்கத்தைத் திரும்ப எழுதினால் சுருக்கம் ஆகுமா? பதிவின்போது கொடுத்த திட்டத்திலிருந்து எடுத்திருப்பாள் போல, 'ஆராயப்படும்' என்று இன்னும் இரண்டு இடத்தில் நிற்கிறது.

அவள் கண்டதோ ஐந்தாம் இயலில் கிடக்கிறது. நெசவை விட்ட பெண்களுக்குப் பாய் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. பீடி சுற்றினால் வாரக் கூலி கைக்கு வந்துவிடும். பட்டுப்போல் மெல்லிய கோரையில் நெய்யும் பட்டுப்பாய் என்றால் வாரக்கணக்கில் நெய்து, விற்ற பிறகுதான் காசு. கூலி எவ்வளவு என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் அவர்களைத் தறியிலிருந்து எழுப்பியது என்கிறாள். எவ்வளவு நல்ல முடிவு! இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சுருக்கத்தில், என்ன கேள்வி என்று இரண்டு வரி போதும். யாரிடம், எத்தனை வீடுகளில், எப்படிக் கேட்டாள் என்று இன்னும் இரண்டு வரி. அப்புறம் பாதி இடத்துக்கு மேல் முடிவுக்கே கொடுக்கட்டும். 'முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன' என்று விடாமல் அந்த முடிவையே எழுதச் சொல். மேற்கோள் வேண்டாம். கடைசி வரியில் 'இத்தொழிலை மீட்டெடுக்கலாம்' என்கிறாள். ஆய்வேட்டில் அதற்கு ஆதாரம் இல்லை, அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அங்கேதான் பிடிப்பார்கள். எடுத்துவிடட்டும்.

யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, பட்டம் அறிவிக்கும் முன்பே ஆய்வேட்டின் மின்படி ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். தேடுகிறவர் முதலில் பார்ப்பது சுருக்கத்தைத்தான். அதனால் பத்தமடை, கோரைப்பாய், பீடித் தொழில், பெண் தொழிலாளர் என்ற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கணும்.

திருத்தியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். அதற்கு முன், பாயைப் பற்றி ஒன்றும் தெரியாத உன் தம்பியிடம் படிக்கக் கொடுத்து, என்ன கண்டுபிடித்திருக்கிறேன் என்று கேட்கட்டும். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கைடிடம் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
சங்கரன்