பத்துக்கு நாலு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவில் வீடு வாங்குவது பற்றி வந்த கட்டுரையைக் காப்பியோடு படிக்க உட்கார்ந்தேன். சொத்துவரி, கூரையின் வயது, பேஸ்மெண்டில் தண்ணீர் கசிவது எல்லாம் உபயோகமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வரி. பள்ளிக்கு அரசு பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அங்கே படிப்பில் அக்கறையில்லாத குடும்பங்கள்தான் இருக்கும் என்று. அதற்குமேல் காப்பி இறங்கவில்லை.

நான் அந்தப் பக்கத்தில்தான் பன்னிரண்டு வருடம் குடியிருந்தேன்.

முதலில், அந்த நாலு அரசு போட்டதல்ல. வீடு விற்கிற தளங்களில் விலைக்குப் பக்கத்தில் தெரிகிற அந்த எண்ணைப் போடுவது தனியார். மத்திய அரசின் சட்டம் கேட்பது வேறு. மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருடா வருடம் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு வை, உயர்நிலையில் ஒருமுறை வை, முடிவை இனம், மொழி, வருமானம் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பிரிவு பிரிவாகப் போடு என்பது அது. கட்டுரையாளர் இன்னும் 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' என்று பழைய பள்ளிச் சட்டத்தின் பெயரையே எழுதுகிறார். அந்தச் சட்டம் போய் 2015 டிசம்பரில் வேறு சட்டம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததல்ல. அச்சுக்குப் போகும்முன் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா என்றுதான் கேட்கிறேன்.

என் மகன் 2007 செப்டம்பரில் திருநெல்வேலியிலிருந்து நேராக நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் வருடம் மட்டும் ஆங்கிலத் தேர்வில் விலக்கு. கணக்கை எழுதியே ஆகவேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்கிற பையன், தேர்வுக்கென்று கொடுத்த பயிற்சித்தாளில் நிக்கல், டைம் என்று அமெரிக்கக் காசுகளின் பெயர் போட்டிருந்ததைப் பார்த்து விழித்தான். சின்னக் காசுக்குப் பத்து சென்ட், பெரிய காசுக்கு ஐந்து சென்ட் என்பது எந்த நியாயம் என்று என்னைக் கேட்டான். எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மறு வருடம் ஆங்கிலத் தேர்வும் எழுதினான், தேறவில்லை. அவன் ஒருவன் தவறியது ஆசியர், ஆங்கிலம் கற்போர், இலவச மதிய உணவு வாங்குவோர் என்று மூன்று பிரிவுகளில் ஏறியது. பழைய சட்டத்தில் பொதுவாக ஒரு பிரிவு பின்தங்கினால் போதும், மொத்தப் பள்ளியும் தவறியதாகக் கணக்கு. ஆங்கிலம் கற்போர் பிரிவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேறிவிட்ட பிள்ளை சில வருடத்தில் அதிலிருந்து வெளியே போய்விடுவான், விமானத்திலிருந்து இறங்கினவன் உள்ளே வருவான். அந்தப் பிரிவு எப்படி உருப்படும்?

அப்புறம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் பள்ளி இரண்டு வருடம் தொடர்ந்து இலக்கை எட்டவில்லை, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. நான் போன் போட்டுக் கேட்டேன். அந்த வகுப்பு இருந்த மற்ற ஒரே பள்ளியும் அதே பட்டியலில்தான் இருந்தது. உரிமை மட்டும் தபாலில் வந்தது.

அதே பள்ளியில் நான் பிறகு வகுப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். அதற்கும் அந்தப் பழைய சட்டத்தில் விதி இருந்தது. இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும், அல்லது ஒரு தேர்வு. நான் பாளையங்கோட்டையில் வாங்கிய பி.எஸ்ஸி. படிப்புதான் என்று யாரோ பணம் வாங்கிக்கொண்டு சான்று தரவேண்டுமாம். அந்தப் பணத்துக்குத் தேர்வே எழுதலாம் என்று எழுதினேன். பின்னக் கணக்கு கேட்டார்கள். தேர்வு வரும் ஏப்ரல் நெருங்கினால் ஓவியம் போகும், சமூக அறிவியல் போகும், பயிற்சித்தாள் மட்டும் கட்டுக்கட்டாக வரும். எனக்கு ஜெராக்ஸ் எடுப்பதே பாதி வேலை.

நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். சிறப்புக் கல்விப் பிள்ளைகளை மூலை அறையில் உட்கார வைத்து, என்ன படித்தார்கள் என்று யாரும் கேட்காத காலம் ஒன்று இருந்தது என்று அங்கிருந்த மூத்த ஆசிரியை சொல்வார். பிரிவு பிரிவாகப் போடு என்றபிறகுதான் கேட்க ஆரம்பித்தார்களாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2014-க்குள் நாட்டில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் தேறவேண்டும் என்று எழுதிவைத்தார்களே, அதை என்ன சொல்ல? நூற்றுக்கு நூறு என்று ஃப்ளெக்ஸ் கட்டும் நம் ஊர்ப் பள்ளிகளில் சில, ஒன்பதாம் வகுப்பிலேயே யாருக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் என்பது தெரிந்த கதை. அட்லாண்டாவில் ஆசிரியர்களே விடைத்தாளை அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் வந்த மாநில விசாரணை அறிக்கையில் 178 பேர் சிக்கினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும்.

கோபத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்பில் என் மகனுக்கு ராணுவத்தில் சேரச் சொல்லி வாரம் தவறாமல் போன். நம்பர் எப்படிக் கிடைத்தது என்றால், இதே சட்டம்தான். ராணுவம் கேட்டால் பிள்ளையின் பெயரும் முகவரியும் நம்பரும் பள்ளி கொடுக்கவேண்டும். வேண்டாமென்று பெற்றோர் எழுதிக்கொடுத்தால் கொடுக்கமாட்டார்கள். அதைச் சொன்ன தாள் பள்ளி தொடங்கிய நாளில் வந்த கத்தையில் எங்கோ இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் அக்கறையில்லாத குடும்பம் என்று பெயர். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பெற்றோர் கூட்டத்தில் கண் சொருக உட்கார்ந்திருந்த என் கணவரிடம் இந்த இதழை நான் காட்டவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் மூன்று வரி போடுங்கள். அந்த மதிப்பெண் அரசுடையதல்ல. ஒவ்வொரு மாநிலமும் வெளியிடும் பள்ளி அறிக்கையில் பிரிவு பிரிவாக முடிவைப் பார்க்கலாம். ராணுவத்துக்கு நம்பர் கொடுக்கவேண்டாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுக்கலாம். சென்ற முறை இடமில்லை என்று என் கடிதத்தைப் பாதியாக வெட்டினீர்கள். இந்த முறையும் இடமில்லையென்றால், ராசிபலனில் மீனத்துக்கு மூன்று வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் ராசிதான், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், பழைய சந்தாதாரர்,
நியூ ஜெர்சி