கரணம் தப்பினால் இன்னொரு கரணம்

டெல்டா மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பை நாம் நடத்திவரும் முறையைப் பற்றி, அதில் நான் செய்த தவற்றையும் மறைக்காமல், இந்த மடலை எழுதுகிறேன்.

பாய் ஒன்று, பிள்ளைகள் நாற்பது பேர், பீரியட் நாற்பது நிமிடம். வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். கூப்பிட்ட பிள்ளை வந்து குட்டிக்கரணம் போட்டுவிட்டுப் போகும். ஒருவருக்கு முக்கால் நிமிடம் என்றால், அந்தப் பீரியட் முழுவதிலும் ஒரு பிள்ளையின் உடல் அசைந்தது அந்த முக்கால் நிமிடம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அது வெயிலில் நின்று அடுத்தவரை வேடிக்கை பார்த்தது. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஏழாம் வகுப்பில் கொஞ்சம் பருத்த உடல்வாகுள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். தன் முறை வந்ததும் பாயின் ஓரத்தில் நின்று, துப்பட்டா முடிச்சை அவிழ்த்துக் கட்டுவாள், மறுபடி அவிழ்த்துக் கட்டுவாள், பிறகு வயிற்றுவலி என்பாள். ஜிம்னாஸ்டிக்ஸ் நாளில் மட்டும் தவறாமல் வரும் வயிற்றுவலி அது. சோம்பேறி என்று என் மனத்துக்குள் முத்திரை குத்தி வைத்திருந்தேன். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, நடவு வயலில் இருந்த தன் அம்மாவுக்காக அவள் தலையில் நாற்றுக்கட்டைச் சுமந்து, மழையில் ஊறி வழுக்கிய வரப்பில் காலைக்கூடப் பார்க்காமல் நடந்து போனதைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கண்டேன். போட்டிகளில் பீம் என்பது 10 சென்டிமீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கட்டை. அதில் நடக்க வேண்டிய சமநிலையின் பெரும்பகுதி அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருந்தது. நான்தான் அவளிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோர் முன்னாலும் தலைகுப்புற உருளச் சொன்னது மட்டுமே என் பாடமாக இருந்தது.

கரணம் தப்பினால் மரணம் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அது கயிற்றின் மேல் நடந்து பிழைத்த கழைக்கூத்தாடியின் கவலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரணம் தப்பினால் இன்னொரு கரணம் போட இடமும் நேரமும் இருக்க வேண்டும். அதற்கு முதலில் அந்த வரிசையைக் கலைக்க வேண்டும்.

மைதானத்தை ஐந்தாறு இடங்களாகப் பிரித்துவிட்டு, குழுக்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும்படி செய்யலாம். ஓரிடத்தில் சுண்ணாம்புக் கோடு. அதன் அருகிலேயே தரையோடு தரையாகப் பதித்த ஒரு பலகை. கோட்டில் தடுமாறுபவர் அங்கேயே பழகட்டும், துணிந்தவர் பலகையில் ஏறட்டும். இன்னோரிடத்தில் பழைய சைக்கிள் டயர்களுக்குள் தாவல். நெல் சாக்கில் வைக்கோலை இறுக அடைத்துத் தைத்தால் குதித்து இறங்க நல்ல மெத்தை கிடைக்கும். ஆனால் மேடுபள்ளமாகக் கழுத்தை மடக்கிவிடும் என்பதால் அதன்மேல் உருள விடாதீர்கள். உருளும் பாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஆசிரியர் நகராமல் நிற்க வேண்டும்.

அந்தக் குட்டிக்கரணத்துக்கும் படிகள் உண்டு. முதலில் கட்டை போல் பக்கவாட்டில் உருளுதல், பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு முதுகில் தொட்டிலாடுதல். அதன்பின் பாயின் ஒரு முனைக்குக் கீழே கனமான பலகையைக் கொடுத்துச் சரிவாக்கினால், சரிவே பாதி வேலையைச் செய்துவிடும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையை இடுக்கிக்கொண்டு உருளச் சொல்லுங்கள். அது விழாமல் இருந்தால் தலை உள்ளே மடங்கியிருக்கிறது, எடையைக் கைகளும் தோள்களும் வாங்கியிருக்கின்றன என்று பொருள். உச்சந்தலை பாயில் அழுந்தவே கூடாது. பத்து முறை அதட்டியும் புரியாதது ஒரு கைக்குட்டையில் புரிந்துவிடுகிறது.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். 2006 முதல் சர்வதேசப் போட்டிகளில் கடினத்துக்குத் தனியாகவும், செய்நேர்த்திக்குத் தனியாகவும் புள்ளி தருகிறார்கள். நம் வகுப்பில் கடினத்தைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு, நேர்த்தியை மட்டும் நாம் பார்க்கலாமே. ஓர் அசையா நிலை, ஒரு நகர்வு, ஓர் உருளல் என்று மூன்றைத் தானே கோத்துச் செய்யச் சொன்னால், பின்புறக் கரணம் போடுபவனும் கட்டை போல் உருளுபவளும் ஒரே பாடத்தைத்தான் செய்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி மாணவரை ஸ்கோர் எழுத மரத்தடியில் உட்கார வைப்பது நம்மிடையே இன்னும் மறையாத வழக்கம். மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. பார்வையற்ற பிள்ளைக்குப் பலகையின் நீளத்துக்கு இடுப்பளவில் ஒரு கயிறு கட்டினால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளின் வடிவங்களாலும் சுழற்சியாலும் தன் மூன்றைக் கோத்துவிடுவார். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் அவர்களை உருள விடக்கூடாது. ஆனால் சுண்ணாம்புக் கோட்டில் நடக்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

பெண் பிள்ளைகளுக்குத் துப்பட்டாவுக்கு மாற்றாக டிராக் பேன்டும் டி-ஷர்ட்டும் வேண்டும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நாமே கேட்டுவிடலாம். கூச்சம் பாதியாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

வரிசை கலைந்த வகுப்பைப் பார்த்து, ஒழுங்கில்லை என்று தலைமையாசிரியர் வராந்தாவிலிருந்து குறை சொல்லக்கூடும், என்னிடமும் சொன்னார்கள். அவரையும் ஒருமுறை அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் நடந்து பார்க்கக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்