சமோவா 2019: ரெண்டு வரில முடிச்சிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன நாடுகள் பத்தின உங்க தொடர்ல இந்த தடவை பசிபிக் கடல்ல இருக்கற சமோவா தீவு நாட்டோட 2019ம் வருஷத்த போட்டிருந்தீங்க. ஜூலைல தலைநகர் ஆப்பியாவுல பசிபிக் விளையாட்டுப் போட்டி நடந்துச்சு, வருஷக் கடைசில தட்டம்மை பரவி 83 பேர் இறந்தாங்க, அவ்ளோதான். படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். நான் கிராம சுகாதார செவிலியரா 28 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவ, புதன்கிழமை ஆனா ஐஸ் பாக்ஸ தூக்கிட்டு அங்கன்வாடி அங்கன்வாடியா போய் குழந்தைங்களுக்கு ஊசி போட்டவ.

அந்த 83 பேரோட கதை 2018 ஜூலைலயே ஆரம்பிச்சிருச்சு. சமோவாவோட சவாய் தீவுல ஒரு ஆஸ்பத்திரில ஒரே நாள்ல ரெண்டு குழந்தைங்க, ரெண்டுக்கும் ஒரு வயசு, எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்து போடற தடுப்பூசி) போட்ட கொஞ்ச நேரத்துலயே இறந்துபோச்சு. மருந்துல குத்தமில்ல. அது பொடியா வரும், அதுக்குன்னே இருக்கற தண்ணிய விட்டு கலக்கணும். அன்னைக்கு தண்ணிக்கு பதிலா, ஆபரேஷன் சமயத்துல தசையத் தளர்த்தறதுக்கு போடற மருந்த, அதுவும் தேதி முடிஞ்சத, எடுத்து கலந்துட்டாங்க. அது மூச்சு விடற தசையையும் நிறுத்திடும். ரெண்டு நர்ஸுங்க தப்ப ஒத்துக்கிட்டாங்க, 2019 ஆகஸ்ட்ல ஆளுக்கு 5 வருஷம் ஜெயில் தண்டனை. மருந்து குப்பிய எடுத்தா லேபிள ரெண்டு தடவ படிக்கணும், தடுப்பூசி ஃப்ரிட்ஜுல வேற எந்த மருந்தும் வைக்கவே கூடாதுன்னு எங்களுக்கு ட்ரெயினிங்ல திரும்பத் திரும்ப சொல்லுவாங்க, அது ஏன்னு இதைவிட கொடுமையா யாரும் சொல்லித்தர முடியாது.

ஆனா எனக்கு பெரிய வருத்தம் அதுக்கு அப்புறம் நடந்ததுலதான். அரசாங்கம் அந்த ஊசியையே பல மாசம் நிறுத்தி வச்சிருச்சு. கலந்ததுல தப்பு, மருந்துல இல்லன்னு வீடு வீடா போய் எடுத்துச் சொல்ற வேலை நடக்கல, ஜனங்களுக்கு பயம், அந்த பயத்துல ஊசிக்கு எதிரா பேசறவங்க ஃபேஸ்புக்ல புகுந்துட்டாங்க. 2018 கணக்குப்படி முதல் டோஸ் போட்ட குழந்தைங்க 100க்கு 31 பேர்தான். தட்டம்மைய தடுக்கணும்னா 100க்கு 95 பேர் வேணும். 2019ல நியூசிலாந்துல, அதுவும் ஆக்லாந்து நகரத்துல, தட்டம்மை ஓடிட்டு இருந்துச்சு, சமோவா ஜனங்க நிறைய பேருக்கு சொந்தபந்தம் அங்கதான், போக வர இருக்கறவங்க. வராம இருந்திருந்தாதான் ஆச்சரியம்.

அக்டோபர்ல பரவுதுன்னு அறிவிச்சாங்க, நவம்பர் 15ல அவசர நிலை, பள்ளிக்கூடம் எல்லாம் மூடியாச்சு. 5,700 பேருக்கு மேல வந்துச்சு, செத்ததுல முக்கால்வாசிக்கு மேல 5 வயசுக்குள்ள. மொத்த நாடே ரெண்டு லட்சம் பேர்தான் சார். நம்ம தமிழ்நாட்டு ஜனத்தொகைக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 30,000 சாவு, அந்த மாதிரி இங்க நடந்திருந்தா ரெண்டு வரில போட்டிருப்பீங்களா? பக்கத்துல டோங்கா, ஃபிஜி, அமெரிக்கா ஆட்சில தனியா இருக்கற அமெரிக்கன் சமோவா எல்லாத்துலயும் அதே தட்டம்மை போச்சு, அங்க ஊசி ஒழுங்கா போட்டிருந்தாங்க, ஒருத்தர்கூட சாகல.

இன்னொன்னும் நீங்க எழுதியிருக்கணும். 1918 நவம்பர்லயும் இதே ஆக்லாந்துலேர்ந்து டலூன்னு ஒரு கப்பல் ஆப்பியாவுக்கு ஃப்ளூ காய்ச்சல கொண்டுவந்து இறக்குச்சு, சுமார் 8,500 பேர், அதாவது அஞ்சுல ஒரு பங்குக்கு மேல செத்துப்போனாங்க. அப்பவும் அமெரிக்கன் சமோவா கப்பல்கள தடுத்து நிறுத்தி ஒரு உயிர்கூட போகாம காப்பாத்திக்கிச்சு. அப்ப சமோவா நியூசிலாந்து ஆட்சில இருந்துச்சு, அதனால நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் 2002ல மன்னிப்பு கேட்டாங்க. ஒரு நாடு இத ரெண்டாவது தடவ பார்த்திருக்கு.

2019 டிசம்பர் 5, 6 ரெண்டு நாள் நாட்டையே நிறுத்திட்டாங்க, கடை ஆபீஸ் எதுவும் கிடையாது, ரோட்டுல வண்டி கிடையாது. ஊசி போடாத ஆளு இருக்கற வீட்டு வாசல்ல சிவப்பு துணி கட்டச் சொன்னாங்க, டீம் டீமா வந்து வீட்டு வாசல்லயே போட்டாங்க. ஜனங்க தானா துணி கட்டிட்டு பிள்ளைங்களோட காத்திருந்தாங்க. மாசம் முடியறதுக்குள்ள அந்த 100க்கு 95ஐ எட்டிடுச்சு. இத படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. வாசல் தேடிப் போனா போட்டுக்கற ஜனங்கதான், ஒரு வருஷம் முன்னாடியே போயிருக்கலாமே.

2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைங்க இறந்தது நிறைய பேருக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. அதுக்கு அடுத்த வாரங்கள்ல ஒரு தாயும் என் முகத்த பார்க்கல. நான் மருந்து குப்பியையும் அத கலக்கற தண்ணிக் குப்பியையும் அவங்க கையிலயே குடுத்து, உடைக்கறதுக்கு முன்னாடி பேரு, தேதி எல்லாம் படிக்கச் சொல்லுவேன், படிக்கத் தெரியாதவங்களுக்கு பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடத்து பொண்ணுங்க படிச்சு சொல்லும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பி வந்தாங்க.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்க, சவாய் தீவுல போன அந்த ரெண்டு குழந்தைங்களையும் 2019 பக்கத்துல சேருங்க. செத்தது 2018லதான், ஆனா அவங்கள விட்டுட்டு அந்த 83ஐ எழுத முடியாது சார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்