நல்ல பாறை ஏன் நன்றாக உடையவில்லை?

சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்தை உபின் தீவுக்குப் போகும் வழியில், சாங்கியில் படகுக்குப் பன்னிரண்டு பேர் சேரக் காத்திருந்தபோது படித்தேன். மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். தை மாதம் கட்டாயம் வருகிறோம்.

உன் கரூர்க் குவாரியைப் பற்றி, "ஆர்.எம்.ஆர். (பாறையின் உறுதிக்கான மதிப்பெண்) 75, நல்ல பாறை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெடி வைத்தால் ஆனை ஆனையாக விழுகிறதே" என்று கேட்டிருந்தாய். நல்ல பாறை என்பதால்தான் சேகர். பீனியாவ்ஸ்கி என்ற பொறியாளர் 1973-இல் அந்த மதிப்பெண்ணை வகுத்தது சுரங்கம் இடியாமல் நிற்குமா, எவ்வளவு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பார்க்கத்தான். இங்கே ஜூரோங் தீவுக்கு அடியில் எண்ணெய்க் குகை குடைந்தவர்களுக்குப் பாறை நிற்க வேண்டும். உனக்கு அது உடைய வேண்டும்.

உனக்கு உதவக்கூடியது பாறையை வெடித்து உடைப்பது எவ்வளவு கடினம் என்று பார்க்க 1986-இல் லில்லி என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு. பாறை பொடியா, கட்டியா, ஒரே பாளமா என்பது ஒன்று; பிறகு அதிலுள்ள வெடிப்புகளின் (விரிசல்களின்) இடைவெளி, அவை சாயும் திசை, பாறையின் அடர்த்தி, கடினம். ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பாதியாக்கு. உன் கரூர்க் கல்லுக்கு நான் போட்டுப் பார்த்தது: 20, 20, 40, 16, 6. பாதி 51, அதுதான் குறியீடு. அதை 0.004-ஆல் பெருக்கினால் 0.204 கிலோ, அதாவது டன் கல்லுக்குச் சுமார் 200 கிராம் வெடிமருந்து.

அந்த 40 இருக்கிறதே, அது வெடிப்புகள் முகப்புக்கு (நீ வெடி வைக்கும் பாறைச் சுவருக்கு) உள்நோக்கிச் சாய்வதற்கானது. வெளிநோக்கிச் சாய்ந்தால் 20 போதும். குறியீடு 41-க்கு இறங்கிவிடும். பத்தாயிரம் டன் வெடியில் 400 கிலோ மருந்து மிச்சம்! கல் அதேதான், நீ முகப்பைத் திருப்பியதுதான் வித்தியாசம். உபினில் 1999-இல் மூடிய குவாரியின் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதையேதான் நினைத்தேன்.

ஆனால் அவசரப்படாதே. வெளிநோக்கிச் சாயும் பாளம் வெடிக்குப் பிறகும் சறுக்கி வரும். கீழே உன் ஆட்கள் நிற்பார்கள். பின்சுவரைப் பார்க்காமல் திசையை மாற்றவே மாற்றாதே. அந்த 0.004-உம் ஆஸ்திரேலிய இரும்புச் சுரங்கத்தில் பிறந்த எண். உன் பழைய வெடிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்.

முகப்பைப் படம் எடுத்து அனுப்பு. அளவுக்கு ஒருவர் கையில் ஒரு மீட்டர் கோல் இருக்கட்டும். சாய்வைத் திசைகாட்டி வைத்து அளந்து எழுது.

அன்புடன்,
ராமு