நவம்பர் 7 அன்று வகுப்பெடுக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தோழர்களே,

ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று காலையில் கொடியேற்றி, மாலையில் இளைஞர்களை உட்கார வைத்து ரஷ்யப் புரட்சி பற்றி வகுப்பெடுக்கிறீர்கள். அந்த வகுப்புகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. லெனின் வந்தார், வழிகாட்டினார், கட்சி பின்தொடர்ந்தது, அரண்மனை விழுந்தது என்று நான்கு வரியில் 1917 முடிந்துபோகிறது. உலகப் போரின் நடுவே அந்தத் தலைமை எத்தனை முறை சொந்தக் கட்சிக்குள்ளேயே தோற்றது, பட்டாளத்தை எப்படித் தன் பக்கம் இழுத்தது என்பது பாடத்தில் இல்லை. வாக்கு எண்ணிக்கைகளையும் படைமுகாம்களையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் நாட்காட்டி. அன்றைய ரஷ்யாவின் பழைய நாட்காட்டி நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. அக்டோபர் 25 என்பதும் நவம்பர் 7 என்பதும் ஒரே நாள். இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதாமல் தொடங்கினால் அரை மணி நேரத்தில் வகுப்பே குழம்பிவிடும். கீழே 1917-இன் தேதிகள் எல்லாம் பழைய கணக்கில்.

பிப்ரவரி 23 அன்று தலைநகர் பெத்ரோகிராடின் வைபோர்க் வட்டாரத்து நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். எந்தக் கட்சியின் தலைமையும் அன்றைக்கு வேலைநிறுத்தம் அறிவித்திருக்கவில்லை. 26 அன்று வோலின்ஸ்கி படைப்பிரிவின் பயிற்சிக் குழு மக்கள்மீது சுட்டது. சுட்ட அதே குழுதான் மறுநாள் காலை கலகம் செய்தது. ஒரே இரவில் என்ன மாறியது? தலைநகரின் முகாம்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அடைந்து கிடந்தார்கள். பெரும்பாலோர் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள், காயம் ஆறி மீண்டும் போர்முனைக்குப் போகக் காத்திருந்தவர்கள். சுட மறுத்தால் தண்டனை, சுட்டால் நாளை மறுபடியும் சுட வேண்டும், பிறகு போர்முனை. இந்த மூன்றுக்கும் நடுவே நின்றவனின் கணக்கைப் புரியவைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி மார்ச் 1 அன்று பெத்ரோகிராட் சோவியத் (தொழிலாளர், சிப்பாய்களின் பிரதிநிதிகள் அவை) வெளியிட்ட முதலாம் ஆணையில் இருக்கிறது. தயவுசெய்து இதை முழுதாக உரக்கப் படியுங்கள். ஏழே கூறுகள்தான். ஒவ்வொரு படைப்பிரிவிலும் சிப்பாய்கள் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயுதங்கள் அந்தக் குழுவின் கையில் இருக்கும், அதிகாரிகளுக்குக் கொடுக்கக் கூடாது. டூமாவின் (அன்றைய நாடாளுமன்றத்தின்) இராணுவக் குழு இடும் கட்டளை சோவியத்தின் முடிவுக்கு முரணாக இல்லாவிட்டால் மட்டுமே செல்லும். பணி நேரத்துக்கு வெளியே சல்யூட் வைக்க வேண்டியதில்லை. கடைசிக் கூறு, அதிகாரிகள் சிப்பாய்களை 'நீ' என்று விளிப்பதைத் தடை செய்கிறது. ரஷ்ய மொழியிலும் நம் மொழியைப் போலவே நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. வயதில் மூத்த தொழிலாளியையும் 'டேய்' என்று கூப்பிடும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி எதைத் தொட்டது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். தலைநகர்ப் படைக்காக எழுதப்பட்ட ஆணை போர்முனை வரை பரவியதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

இனி வாக்குகள். ஏப்ரல் 3 இரவு பின்லாந்து ரயில் நிலையத்தில் வந்திறங்கிய லெனின், மன்னராட்சி வீழ்ந்தபின் அமைந்த இடைக்கால அரசுக்கு எந்த ஆதரவும் கூடாது என்றார். ஏப்ரல் 8 அன்று அவருடைய சொந்தக் கட்சியான போல்ஷ்விக் கட்சியின் பெத்ரோகிராட் குழு அவருடைய கருத்துகளை 13-க்கு 2 என்று நிராகரித்தது. மாத இறுதி மாநாட்டில்தான் நிலைமை அவர் பக்கம் திரும்பியது. ஜூனில் கூடிய முதல் சோவியத் காங்கிரசில் (நாடெங்கும் இருந்த சோவியத்துகளின் மாநாட்டில்) கட்சியை அறிவித்த 777 பிரதிநிதிகளில் போல்ஷ்விக்குகள் 105 பேர். கட்சி சிறுபான்மை என்பதை ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டு, பொறுமையாக விளக்குவதே வேலை என்றிருந்தார் லெனின். ஜூலை தொடக்கத்தில் இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவு அவசரப்பட்டு தெருவில் இறங்கியபோது கட்சி அடி வாங்கியது, லெனின் தலைமறைவானார். தலைநகரில் பலம் இருந்தும் நாடு இன்னும் உடன் வரவில்லை. இந்தத் தோல்வியைக் குறிப்புகளில் ஒளிக்காதீர்கள்.

ஆகஸ்டு இறுதியில் தளபதி கோர்னிலோவ் பெத்ரோகிராடை நோக்கிப் படை அனுப்பினார். அந்தப் படையைச் சண்டை போட்டு யாரும் தோற்கடிக்கவில்லை. ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், வண்டிகளைத் திசைதிருப்பினார்கள். தந்தி ஊழியர்கள் கட்டளைகளை அனுப்ப மறுத்தார்கள். நின்றுபோன பெட்டிகளுக்குள் ஏறிப் பேசியே சிப்பாய்களை மாற்றினார்கள். போல்ஷ்விக்குகள், அவர்களோடு போட்டியிட்ட சோஷலிசக் கட்சிகளான மென்ஷ்விக்குகள், சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள் மூவரும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். ஐக்கிய முன்னணி பற்றித் தனி வகுப்பு வைக்கிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது?

அக்டோபரைப் பற்றிய தவறான சித்திரம்தான் மிகப் பெரியது. பெருங்கூட்டம் அரண்மனை வாயிலில் மோதும் காட்சி திரையில் பார்த்தது. நடந்தது வேறு. தலைநகர்ப் படையைப் போர்முனைக்கு மாற்ற அரசு முயன்றதும், படையை நகர்த்தும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. சோவியத்தின் இராணுவப் புரட்சிக் குழு, தன் கையெழுத்து இல்லாத கட்டளை செல்லாது என்று அக்டோபர் 22 அன்று அறிவித்தது. மறுநாள் பீட்டர்-பால் கோட்டைக்குள் பெத்ரோகிராட் சோவியத்தின் தலைவர் டிராட்ஸ்கி போய்ப் பேசினார். ஒரு குண்டும் வெடிக்காமல் கோட்டையும் பக்கத்து ஆயுதக் கிடங்கும் கைமாறின. 24 விடியற்காலை அரசு கட்சியின் அச்சகத்தை மூடியது, சில மணி நேரத்தில் அது திறக்கப்பட்டது. அன்றிரவும் 25 காலையும் பாலங்கள், ரயில் நிலையங்கள், தந்தி நிலையம், அரசு வங்கி, தொலைபேசி நிலையம் என ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. இடைக்கால அரசு இருந்த குளிர்கால அரண்மனை கடைசி. அதற்குப் பதினைந்து நாள் முன்பு, ஆயுத எழுச்சி குறித்து மத்தியக் குழுவில் வாக்கு 10-க்கு 2. எதிர்த்தவர்கள் காமனேவும் ஜினோவியேவும்.

ஆட்சிக்கு வந்த பிறகும் லெனின் தோற்றார். ஜெர்மனி விதித்த சமாதானத்தை உடனே ஏற்க வேண்டும் என்ற அவர் நிலைக்கு 1918 ஜனவரிக் கூட்டத்தில் 63 பேரில் 15 பேர்தான் ஆதரவு. ஜெர்மன் படை மீண்டும் முன்னேறியதும், பதவி விலகுவேன் என்று அவர் சொன்ன பின்பே, பிப்ரவரி 23 அன்று 7-க்கு 4 என்று முடிவானது. 4 பேர் வாக்களிக்கவில்லை. முந்தையதைவிடக் கடுமையான நிபந்தனைகளோடு பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்கில் மார்ச் 3 அன்று கையெழுத்து போட நேர்ந்தது. தாமதத்தின் விலை அது.

அரசியல் நிர்ணய சபை பற்றியும் பேசுங்கள். 1917 நவம்பர் தேர்தலில் போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு, முதலிடம் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு. சபை ஜனவரியில் ஒரே ஒரு முறை கூடியது, கலைக்கப்பட்டது. மாணவர் யாராவது கட்டாயம் இதைக் கேட்பார். கேள்வியை அடக்கினால் அவர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். அதைச் சரியென்பவர்களின் வாதத்தையும் தவறென்பவர்களின் வாதத்தையும் முழுதாக வைத்து விவாதிக்க விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு மணி நேர வகுப்பென்றால் அரை மணியாவது ஜெர்மனிக்கு ஒதுக்குங்கள். அங்கும் 1918 நவம்பரில் கீல் துறைமுகத்து மாலுமிகள் எழுந்தார்கள், மன்னர் போனார், தொழிலாளர்-சிப்பாய் அவைகள் முளைத்தன. ஆனால் டிசம்பரில் அந்த அவைகளின் காங்கிரசே, அவைகளின் ஆட்சி வேண்டாம் என்று 344-க்கு 98 வாக்கில் முடிவெடுத்தது. ஆண்டிறுதியில் பிறந்த கம்யூனிஸ்ட் கட்சியின் மாநாட்டில், தேர்தலில் பங்கேற்போம் என்ற அதன் தலைவர் ரோசா லக்சம்பர்க்கின் நிலை 62-க்கு 23 என்று தோற்றது. லெனினுக்கு ஏப்ரலில் தோற்ற பிறகு ஆறு மாதம் கிடைத்தது. ரோசாவுக்குக் கிடைத்தது இரண்டு வாரம். ஜனவரி தொடக்கத்தில் பெர்லின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் குளிரில் காத்து நிற்க, உள்ளே புரட்சிக் குழு பேசிக்கொண்டே இருந்தது. மாலுமிப் படை நடுநிலை என்றது. முகாம்களை முன்கூட்டி எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. ஜனவரி 15 அன்று ரோசாவும் கட்சியின் இன்னொரு தலைவர் லீப்னெக்ட்டும் கொல்லப்பட்டார்கள்.

பெத்ரோகிராட், பெர்லின் இரண்டு நகரங்களின் வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். முகாம், பாலம், அச்சகம், ரயில் நிலையம் ஒவ்வொன்றிலும் அன்றைக்கு யார் இருந்தார் என்று மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்.

தோழமையுடன்,
ரஷ்ய, ஜெர்மன் புரட்சிகளின் வரலாற்றைப் படித்துவரும் தோழர்கள்